மசூரின் திறப்பு

புருசன் மசூர் இறந்து, சுல்பிகா இத்தா இருக்கத் தொடங்கி அன்று நாற்பத்தொரு நாள். புருசன் மவுத்தானால் நான்கு மாதம் பத்து நாள் பிற ஆண்களின் கண்ணில் படக்கூடாது. அறைவாசலில் பச்சைச் சீலை தொங்கியது. அதற்கு அந்தப்பக்கம் மசூரின் தம்பி முபாறக்கும், கல்முனையில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் ஜுனைட்டும். சீலைக்குக் கீழே அவர்களுடைய கால்கள் மட்டும் அவளுக்குத் தெரிந்தன.

கட்டாரில் இருந்த காலத்தில் மசூர் பிட்கொயின் என்ற இணையக் காசை மலிவாக வாங்கிப் போட்டிருந்தான். அந்தக் கணக்கின் பழைய பிரதி இருந்த பென்டிரைவை முபாறக் அலுமாரியைக் கிளறி எடுத்திருந்தான். மசூருக்கு ஒரே மகள், ஸப்னா. ஆண்பிள்ளை இருந்திருந்தால் தம்பிக்குப் பங்கில்லை, இல்லாததால் உண்டு என்று மௌலவி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து முபாறக் வராத நாளில்லை. சுல்பிகாவுக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாரும் அதைத் துக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

"ராத்தா, பாஸ்வேர்ட் இல்லாட்டி இது வெறும் குப்பை. அவரு என்னத்தப் போடுவாரு?" என்றான் ஜுனைட்.

மகளின் பெயர், கல்யாண நாள், மோட்டார் சைக்கிள் நம்பர். எதுவும் சரிவரவில்லை.

"மச்சிக்கு எங்க தெரியப்போகுது? காக்கா டிவி ரிமோட்டையும் ஒளிச்சி வைக்கிற ஆள்," என்று முபாறக் அண்ணனைச் சொல்லிச் சிரித்தான்.

அவளுக்குத் தெரியும். மசூரின் முதல் பாஸ்போட் நம்பர். சொல்லாவிட்டால் ஸப்னாவுக்கும் ஒன்றுமில்லை. சொன்னாள்.

விசைகள் தட்டும் சத்தம் நின்றது.

"தொறந்திட்டு. காசு அப்படியே இரிக்கு." ஜுனைட்டின் குரல் தணிந்தது. "ஒண்டு சொல்றன். இந்தா வாற எழுத்துத்தான் காசுப்பெட்டிட திறப்பு. இதுல ஆருட பேரும் இல்ல. ஆருட கையில இரிக்கோ அவருக்குத்தான் காசு. மறுகா கோட்டுல வழக்குப் போட்டும் வேலையில்ல."

"மச்சிக்கு என்னத்துக்கு இந்தத் தலையிடி? நான் ஒரு போட்டோ எடுத்துக்கிறன்."

சுல்பிகா சீலையைப் பிடித்தாள். ஒரு சாண் விலக்கினால் போதும், கம்பியூட்டர் திரை தெரியும். ஆனால் இத்தாவில் சீலை விலக்கியவள் என்றுதான் நாளைக்கு ஊர் கதைக்கும். முபாறக் எடுத்தது பேச்சிலேயே வராது. கையை எடுத்தாள்.

"மச்சான், போன வைங்க. ஜுனைட் தம்பியும் கேளுங்க. என்ட வகுத்துல புள்ள இரிக்கு. மூணு மாசம். ஒங்கட காக்காக்குச் சொல்ல எனக்குக் கெடைக்கல்ல. அது ஆம்புளயா பொறந்தா மௌலவி சொன்ன பங்கு மாறிப்போகும்."

முபாறக்கின் கால்விரல்கள் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தன. போனின் வெளிச்சம் சீலைக்குக் கீழே தரையில் அப்படியே கிடந்தது.