அம்மா வாயைப் பார்

இருமல் மகளுக்கும் தொற்றிவிடக் கூடாதே என்றுதான் அன்று முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு பாடம் சொல்லித்தர உட்கார்ந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க மாட்டுவதுதான். வீட்டில் ஒரு மணி நேரம் மாட்டினால் குறைந்தா போய்விடும்?

நான்கு மாதமாக நடக்கும் பாடம். அட்டையில் ஓர் எழுத்து. அவள் அதன் ஒலியைச் சொல்வாள், மகள் சிட்டு திருப்பிச் சொல்வாள். பிறகு ஒலிகளைக் கோத்து ஒரு சொல். "அம்மா வாயைப் பாரு" என்றுதான் தினமும் தொடங்குவாள். ஐந்து வயதுக்குச் சிட்டு கெட்டிக்காரி. ஒரே ஓர் இடத்தில்தான் சறுக்கல்: ப-வுக்கும் ம-வுக்கும் ஓயாத குழப்பம். அடுத்த வாரம் பள்ளிச் சேர்க்கைக்கு வாசித்துக் காட்ட வேண்டுமே என்ற பதற்றத்தில், "காதுல பஞ்சா அடைச்சிருக்க?" என்று நேற்றுத் தொடையில் கிள்ளிவிட்டிருந்தாள்.

நான்கு அட்டைகளைப் பரப்பினாள். "நான் சொல்ற சத்தத்தை எடு பாப்போம். ல."

சிட்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

"ல."

சிட்டு வ-வை எடுத்து நீட்டினாள்.

"விளையாடாதடி. நேத்து டக்டக்னு எடுத்தல்ல?"

சமையலறையிலிருந்து கணவன் எட்டிப் பார்த்தான். "அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்கா. நீயும் பத்துத் தடவை கூப்பிட்டாத்தான் திரும்புவ."

"போய் அடுப்பைப் பாருங்க. தீயுது."

மறுபடி சொன்னாள். மறுபடி தப்பு. சிட்டுவின் உதடு பிதுங்கியது. எக்கி வந்து முகக்கவசத்தைக் கீழே இழுத்தாள்.

"மூடாதம்மா. மூடினா எப்படிக் கேக்கும்?"

 அவள் மெல்ல எழுந்து மகளின் முதுகுப் பக்கம் போனாள்.

"சிட்டு, பூங்காவுக்குப் போலாமா?"

சிட்டு அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சிட்டு, ஊஞ்சல் ஆடலாமா?"

திரும்பவில்லை. சமையலறையில் ஒரு மூடி கீழே விழுந்தது. சிட்டு சட்டென்று திரும்பினாள்.

அவள் மகளை விட்டு விலகிச் சுவர்க் கண்ணாடி முன் போய் நின்று, ப என்றாள். பிறகு ம. உதடுகள் இரண்டுக்கும் ஒரே மாதிரி மூடித் திறந்தன. பரிசோதனைக் கூடத்தில் ஒரு துளி ரத்தத்தில் எதையெல்லாமோ கண்டுபிடித்துச் சொல்பவள் அவள். நான்கு மாதம், ஒரு முழத் தூரத்தில், இது கண்ணில் படவில்லை.

கணவன் கரண்டியோடு வந்து நின்றான். "என்னாச்சு? ஏன் இப்படி வெளுத்துப் போய் நிக்கற?"

"அவளுக்குக் காது கேக்கலங்க. என் வாயைப் பாத்துத்தான் இத்தனை நாளும்..."

"உளறாத. மூடி விழுந்ததும் திரும்பினாளே."

"பெரிய சத்தம் கேக்குது, பேச்சுதான் கேக்கல. பின்னாடி நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

கூப்பிட்டான். இன்னொரு முறையும் கூப்பிட்டான். கரண்டியிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்ததை இருவரும் பார்த்தபடி நின்றார்கள்.

"நாளைக்கு லீவு போடறேன்," என்றான். "காது டாக்டரைப் பாத்துரலாம். பள்ளிக்கூடம் அப்புறம்."

அவள் மண்டியிட்டு மகளை வாரி அணைத்துக்கொண்டாள். பாவாடை விலகி, தொடையில் கிள்ளிய தடம் தெரிந்தது. "அம்மாவை மன்னிச்சிருடி கண்ணு" என்று அந்தத் தலைமுடிக்குள் முகம் புதைத்துச் சொன்னாள்.

சிட்டு நெளிந்தாள். அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது.

மகளைத் தள்ளிப் பிடித்து, முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, முதலிலிருந்து சொன்னாள்.