எரியாத சிவப்பு விளக்கு

"இந்த வண்டிக்கு என்னடி குறைச்சல்? இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா. இது யானை!" என்று அப்பா பானெட்டைத் தட்டினார்.

"யானைக்கும் அடி சறுக்கும்ப்பா," என்றாள் மகள், பெட்டியை டிக்கியில் திணித்துக்கொண்டே.

பதினெட்டு வயது வண்டி. மகளைவிட நாலு வயது இளையது. புது வேலையில் சேர, இன்று ஆறு மணி நேரம் தனியாக அதை ஓட்டிக்கொண்டு போகப்போகிறாள். வாசலில் நின்ற அம்மாவின் கண் காலையிலிருந்தே ஸ்டியரிங் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள், அவள் வண்டியோடு சிக்னலில் நின்றபோது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அணையவே இல்லை. வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டினாள். ஏர்பேக் பழுது. மோதினால் பலூன் விரியாமல் போகலாம். அப்போது கணவருக்கு இதய ஆபரேஷன் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வண்டி தும்மினால் ஜுரத்தில் படுக்கிற மனிதர். கறுப்பு டேப்பில் நகத்தளவு வெட்டி விளக்கின் மேல் ஒட்டினாள். தேறட்டும், பிறகு சொல்லலாம்.

தேறினார். அவள் சொல்லவில்லை. 'இத்தனை நாள் ஏன் சொல்லல?' என்று கேட்பார். நாள் போகப் போக அந்தக் கேள்வியும் வளர்ந்தது. அவர் நெஞ்சுவலி ஒரு சாக்குதான். பயம் தன்னுடையது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

மகள் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள்.

"இருடி." அம்மா கதவைத் திறந்து குனிந்து, டேப்பை நகத்தால் பிய்த்தாள். "ஏர்பேக் விளக்கு. எரிஞ்சிட்டே இருந்துச்சு. நான்தான் மறைச்சு வச்சேன். மூணு வருஷமாச்சு."

மகள் சாவியைத் திருப்பினாள். "எங்கம்மா எரியுது? பேயைக் கீயைப் பாத்தியா?"

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பியது, ஒரு நொடிதான். அந்தப் புத்தகத்தின் அடுத்த வரி நினைவுக்கு வந்தது: நல்ல நிலையில் இருந்தால், சாவியைத் திருப்பியதும் சில நொடி எரிந்துதான் அணையும்.

"மறுபடி திருப்பு."

மற்ற விளக்குகள் எரிந்து அணைந்தன. அந்த இடம் மட்டும் இருட்டாகவே இருந்தது.

நிமிர்ந்தாள். கணவர் பளபளவென்று இருந்த பானெட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்ணினீங்க?"

"போன வருஷம் அந்த டேப்பைப் பாத்தேன். உன் வேலைன்னு தெரிஞ்சுது. மெக்கானிக்கிட்ட காட்டினா, பழைய மாடல், பார்ட்ஸ் கெடைக்காதுன்னுட்டார். என்னிக்காவது டேப் உரிஞ்சு விழுந்தா நீ பதறுவியேன்னு பல்பையே கழட்டச் சொல்லிட்டேன். டேப்பைப் பழையபடி ஒட்டிட்டேன்."

அவளுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவர் செய்ததும் அவள் செய்ததுதானே.

மகள் சாவியை உருவினாள். "போன வருஷம்தானே நான் இதுல ஓட்டக் கத்துக்கிட்டேன்? ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

மகள் பெல்ட்டைக் கழற்றினாள். அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"பஸ்ல போம்மா," என்றாள் அம்மா.

டிக்கியைத் திறந்தாள். பெட்டி கனத்தது. மறுபக்கக் கைப்பிடியைக் கணவர் பிடித்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தூக்கினார்கள்.