புகார்தாரர் என்ற கட்டம்

1.

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீதிமன்ற ஆவணத்தின் நகல் கேட்கும் படிவத்தில், ஐந்தாவது கட்டத்தில். முழுக்கக் கற்பனை என்று நினைத்துப் படிக்க விரும்புகிறவர்கள் அப்படியே படிக்கலாம். அது எனக்கும் உபகாரமாக இருக்கும்.

கதையில் வருபவர் ஒரு பெரியவர். எழுபத்தொரு வயது, சலவைச் சட்டை, மடங்காத முதுகு. காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தவர் அவர்தான், நான் அல்ல. எங்கள் குடும்பத்தில் யாரும் அந்த மாதிரி இடங்களுக்குப் போவதில்லை.

(தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த என் மனைவி சொன்னாள்: "அந்தப் பெரியவர் சட்டையில மூணாவது பொத்தான் மட்டும் வேற நிறம்னு எழுதுங்க. நான்தானே தெச்சேன்." எழுதமாட்டேன்.)

2.

தொடக்கம், முதல் முயற்சி: "கம்பீரமான அந்தக் கட்டடத்தின் படிகளில் பெரியவர் நிமிர்ந்த நெஞ்சோடு..."

நிறுத்திவிட்டேன். காவல் நிலையக் கட்டடம் கம்பீரமாக இல்லை. பிடித்துவைத்த மோட்டார் சைக்கிள்கள் வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து துருப்பிடித்துக் கிடந்தன. படிகளும் இரண்டுதான்.

இரண்டாம் முயற்சி: "பெரியவருக்கு ஒரு தங்கை இருந்தாள். தங்கைக்கு ஒரு வாய் இருந்தது."

இது தேவலை. இதிலிருந்தே போவோம்.

பெரியவர் தம் குடும்பத்தின் வரலாற்றை எழுதி அச்சகத்தில் கொடுத்திருந்தார். அதில் நான்காம் அத்தியாயம் 'நீதியின் முன் என் தந்தை'. ஒன்பது பக்கம். ஊரையே மிரட்டிவந்த ஒரு பெரும்புள்ளிக்கு எதிராக அவருடைய அப்பா கூண்டேறிச் சாட்சி சொன்ன வீர வரலாறு. இந்த ஒன்பது பக்கத்துக்கும் ஆதாரம், ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்தப்பா எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு வரி: "உன் அப்பா நேற்று கோர்ட்டுக்குப் போய் வந்தார். வேறு விசேஷமில்லை." பெரியவர் அப்போதுதான் வெளியூரில் வேலையில் சேர்ந்திருந்தார். மீதியை அவர் பிற்பாடு யோசித்து எழுதினார்.

(யோசித்து எழுதுவது வேறு, பொய் சொல்வது வேறு. இதை வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும்.)

அச்சுப் பிழை பார்க்கத் தங்கைக்கு ஒரு பிரதி போயிற்று. தொலைபேசி வந்தது.

"அண்ணா, அப்பா சாட்சி சொல்லப் போகல. தண்டனை வாங்கிட்டு வந்தாரு."

"வாயை அலம்பு. எங்கப்பாவுக்கா தண்டனை?"

"எனக்கும் அவர்தான் அப்பா."

"ஆதாரம் இருக்கா உன்கிட்ட?"

"கோர்ட்ல இருக்கும். போய்க் கேளு."

எதற்குத் தண்டனை என்று பெரியவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டாலே தண்டனை என்பதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் அல்லவா?

3.

காவல் நிலையத்தில் எழுத்து வேலை பார்ப்பவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்த பெஞ்சுல உக்காருங்க ஐயா" என்றார்.

பெஞ்சில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கையில் விலங்கு. இன்னொருவர் கையில் அந்த விலங்கின் மறுமுனை. அந்த வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பெரியவர் ஒன்றேகால் மணி நேரம் நின்றார்.

"என்ன காணாமப் போச்சு?"

"ஒண்ணும் காணாமப் போகல. ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தின வழக்கு ஒண்ணு. எங்க அப்பா சம்பந்தப்பட்டது."

"என்ன செஞ்சாரு?"

"அவர் ஒண்ணும் செய்யல!"

"இங்க வர்ற எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்று கையில் விலங்கு போட்டவர் ஆறுதலாகச் சொன்னார்.

அவ்வளவு பழைய பதிவேடுகள் எல்லாம் நீதிமன்ற ஆவண அறைக்குப் போய்விட்டன என்று எழுத்தர் ஒரு துண்டுச் சீட்டில் வழி எழுதிக் கொடுத்தார். கீழே "பெரியவர், கொஞ்சம் கோபக்காரர்" என்றும் எழுதியிருந்ததை வெளியே வந்துதான் படித்தார்.

4.

ஆவண அறையைப் பார்த்துக்கொண்ட அம்மாள் முகக்கவசமும் கையுறையும் போட்டிருந்தார். கூரை வரைக்கும் துணியில் கட்டிய மூட்டைகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அட்டை. தூசியை வைத்தே வருஷம் சொல்லிவிடுவாராம்.

"முப்பது வருஷத்துக்கு ஒரு தும்மல் ஐயா. உங்களுது ரெண்டு தும்மலாவது ஆகும். படிவத்தை எழுதுங்க."

ஐந்தாவது கட்டம்: வழக்கில் உங்கள் உறவினர் யார்? புகார்தாரர் / எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்). ஒன்றை அடிக்கவும்.

"சாட்சின்னு ஒரு கட்டம் இல்லையே அம்மா?"

"சாட்சி பேர்ல பதிவேடு கிடையாது. தண்டனை வாங்கினாருன்னு வீட்டுல பேச்சு இருக்குன்னீங்களே. அப்போ எதிரின்னு போடுங்க, தேட லேசா இருக்கும்."

"எங்கப்பா பேருக்கு நேரா எதிரின்னு என் கையால எழுதணுமா?"

"பதிவேட்டுக்கு மான அவமானம் தெரியாது ஐயா."

"எனக்குத் தெரியும்."

அவர் 'எதிரி'யை அடித்தார். ஒரு கோடு போதும். அவர் நான்கு கோடு போட்டார். படிவம் கிழிந்தது. இன்னொரு படிவம் வாங்கி மறுபடி எழுதினார். 'நகல் எதற்குத் தேவை?' என்ற கடைசிக் கட்டத்தில் "குடும்ப கௌரவத்தை நிலைநாட்ட" என்று எழுதினார். இடம் போதாமல் 'நாட்ட' ஓரத்தில் தொங்கியது.

(இந்தப் பெரியவரை எனக்கே சில சமயம் பிடிக்கவில்லை. இவரைக் கொஞ்சம் மென்மையாக மாற்றலாமா என்று யோசித்தேன். மனைவி சொன்னாள்: "முடிஞ்சா மாத்துங்க. நான் நாப்பத்தாறு வருஷமா முயற்சி பண்றேன்.")

5.

பத்து நாள் கழித்துப் போனபோது அந்த அம்மாள் முகக்கவசத்துக்கு மேலே கண்ணால் சிரித்தார்.

"நீங்க சொன்னது சரிதான் ஐயா. எதிரிப் பதிவேட்டுல உங்க அப்பா பேரே இல்ல. நான் சொன்ன மாதிரி எழுதியிருந்தீங்கன்னா இந்த ஜென்மத்துல கிடைச்சிருக்காது. புகார்தாரர் பக்கம் முதல் பக்கத்துலயே இருந்தாரு."

பெரியவரின் முதுகு இன்னும் அரை அங்குலம் நிமிர்ந்தது. நகலை நின்றபடியே படித்தார்.

காணாமல் போனது ஒரு சைக்கிள். நூலக வாசலில் பூட்டி வைத்திருந்தபோது திருட்டுப்போனதாகப் புகார். சந்தேகத்தின்பேரில் பிடிக்கப்பட்டவர், தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர். விசாரணை நாளன்று புகார்தாரர் எழுந்து, புகார் பொய் என்று சொல்லியிருக்கிறார்.

*நீதிபதி:* சைக்கிளை யாரும் திருடவில்லையா?
*புகார்தாரர்:* இல்லை ஐயா. நானே ஓட்டிப்போய்க் கால்வாயில் விட்டுவிட்டேன். மறந்துபோயிற்று.
*நீதிபதி:* எது மறந்துபோயிற்று? சைக்கிளா, கால்வாயா?
*புகார்தாரர்:* இரண்டும்.
*நீதிபதி:* உமக்கு நீந்தத் தெரியுமா?
*புகார்தாரர்:* தெரியாது.
*நீதிபதி:* எப்படிக் கரையேறினீர்?
*புகார்தாரர்:* அதுவும் மறந்துபோயிற்று.

சைக்கிள் கடைக்காரர் விடுதலை. பொய்ப் புகார் கொடுத்தவர் நீதிமன்றம் கலையும் வரை சுவரோரமாக நிற்க வேண்டும் என்று உத்தரவு. காலை பதினொன்று முதல் மாலை ஐந்தே முக்கால் வரை நின்றிருக்கிறார். கீழே ஒரு குறிப்பு: "வயதைக் கருதி நாற்காலி தரப்பட்டது. மறுத்துவிட்டார்."

பெரியவருக்கு அந்தக் கால்வாய் தெரியும். பத்தொன்பது வயதில், இரண்டு கையையும் விட்டுவிட்டுச் சைக்கிள் ஓட்டலாம் என்று நண்பர்களிடம் சவால் விட்டு, அவர் அந்தப் பாலத்தின் சரிவில்...

6.

சரி. நான்தான். மூன்றாவது பொத்தான் வேறு நிறம்தான்.

சைக்கிள் தண்ணீருக்குள் போயிற்று. நூலக வாசலில் திருட்டுப்போனது என்று அப்பாவிடம் சொன்னேன். ஐந்தாம் நாள் வெளியூர் வேலைக்கு ரயிலேறினேன். புகார், கடைக்காரர், விசாரணை எதுவும் எனக்குத் தெரியாது. சத்தியமாக.

தங்கையிடமிருந்து தொலைபேசி.

"நகல் வந்துச்சா அண்ணா?"

"வந்துச்சு."

"கடைசி வரைக்கும் படிச்சியா?"

"படிச்சேன். உனக்கு எப்படித் தெரியும்?"

"ஈரச் சட்டையோட நீ பின்வாசல் வழியா வந்தப்போ துண்டு எடுத்துக் குடுத்தது யாரு? எனக்கு அப்போ ஒம்பது வயசு. சைக்கிள் கடை மாமாவைப் போலீஸ் கூட்டிட்டுப் போனதும் எனக்குச் சோறு எறங்கல. அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"இப்பத்தான் வேலைக்குப் போயிருக்கான், அவன் பேரு அந்தக் காகிதத்துல வரக்கூடாதுன்னாரு. அவனா கேட்டா மட்டும் சொல்லுன்னாரு."

"ஐம்பத்திரண்டு வருஷமா ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? ஒம்பது பக்கம் எழுதின. எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல."

7.

முடிவுகள்.

அ) நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிடுவது. புத்தகம் மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவும். யாரும் கவனிக்கமாட்டார்கள், தங்கையைத் தவிர.

ஆ) நகலை அப்படியே அச்சிடுவது. என் பெயர் சுத்தமாக இருக்கும். அப்பா, தான் கால்வாயில் விழுந்ததைக்கூட மறந்துபோன மனிதராகப் பேரப்பிள்ளைகள் கையில் போய்ச் சேருவார்.

இ) நகலை அச்சிட்டு, கீழே ஒரு வரி சேர்ப்பது. சைக்கிளைக் கால்வாயில் விட்டது யார் என்று. அப்பாவின் தலை நிமிரும். என் தலை... வீட்டில் பொய் சொல்லும் பிள்ளைகளை நான் எழுப்பி நிறுத்தித்தான் பேசுவது வழக்கம். அவர்கள் அத்தனை பேரும் படிப்பார்கள்.

(ஈ என்று ஒன்று எழுதி அடித்துவிட்டேன். அதில் பெரும்புள்ளி மறுபடி வந்துவிட்டார்.)

இன்று மாலைக்குள் சொல்லச் சொல்லி அச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டாயிற்று. என் வழக்கில் நானே தீர்ப்புச் சொல்வது முறையல்ல. நகல் உங்கள் கையில் இருக்கிறது, நடந்ததும் தெரியும். நீங்கள் சொல்லுங்கள்.

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் எழுந்து போகும் வரை, இந்தச் சுவரோரமாக நிற்கிறேன்.