நான்கு மணி நேர அனுமதி

என் தம்பி ஃபெர்கல் பதினொரு வருடமாகச் சிறையில் இருந்தான். காரில் வெடிகுண்டு கொண்டுபோனபோது ஆற்றுப் பாலத்தருகே போலீஸ் மடக்கியது. அது வெடிக்கவில்லை. அந்தப் பெருமை தன்னைச் சேராது என்று அவனே சொல்வான்.

தண்டனையின் குறைந்தபட்ச காலம் முடிந்தும் பரோல் குழு அவனை விடவில்லை. வெளியே அனுப்பிச் சோதித்த பிறகே முடிவெடுக்க முடியும் என்றது. பயங்கரவாதக் கைதிகளின் தனிப் பிரிவில் இருப்பவர்களைச் சோதனைக்கு அனுப்புவதில்லை என்றது சிறை. பிரிவை விட்டு மாறினால் இயக்கத்துக்காரர்கள் அவனைத் துரோகி என்பார்கள். அந்தக் கோபம் வந்து விடிவது, வட அயர்லாந்தின் ஸ்ட்ரபேன் ஊரில் தனியாகக் குடியிருக்கும் என் தலையில். அதனால்தான் அவன் மாறவில்லை.

எங்கள் வக்கீல் அட்ராக்டா கோப்பைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஒரு ஆபீஸ், வெளிய பார்த்தாதான் விடுவோம்ங்குது. இன்னொண்ணு, வெளிய பார்க்கவே விடமாட்டோம்ங்குது. ரெண்டு பேரையும் ஜட்ஜ் முன்னாடி ஒண்ணா நிக்க வெக்கணும், அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' இரண்டு வருடம் ஆனது. பெல்ஃபாஸ்ட் நீதிமன்றத்துக்கு ஒன்பது முறை பஸ் ஏறினேன். முதல் மனு தள்ளுபடியானது. மேல்முறையீட்டில் நீதிபதி சொன்னது எனக்கு மனப்பாடம்: அவனை விடுவிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவன் எந்தப் பிரிவில் இருக்கிறான் என்பதை வைத்தல்ல, அவன் யார் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

ஒரு மே மாதக் காலையில் ஃபெர்கல் என் வீட்டுக்கு வந்தான். சோதனைக்காக நான்கு மணி நேரம். கூடவே மெர்வின் என்ற சிறைக் காவலர், சாதாரண உடையில். தெருவைக் கடக்கத் தம்பி தயங்கினான். கார்கள் இப்போது சத்தமே இல்லாமல் வருகின்றனவாம். மெர்வின் அவன் முழங்கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

ஆட்டிறைச்சிக் குழம்பும் உருளைக்கிழங்கு ரொட்டியும் வைத்தேன். மெர்வின் கதவோரமே நின்றார்.

"நான் சாப்பிட்டுட்டேன்மா."

"அதை நான் கேக்கல. உக்காருங்க."

உட்கார்ந்தார். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார். தம்பி ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்தபடி நிதானமாகச் சாப்பிட்டான். வருடக்கணக்கில் நான் அவனை அப்படி அமைதியாகப் பார்த்ததில்லை.

கிளம்பும்போது மெர்வின் ரோட்டில் மண்டியிட்டு, காரின் அடியில் எட்டிப் பார்த்தார். யாராவது குண்டு வைத்திருக்கிறார்களா என்று சிறைக் காவலர்கள் தினமும் செய்வதுதான். ஃபெர்கலின் முகம் சிவந்துபோனது.

"என்னை மன்னிச்சிடுங்க."

"பதினேழு வருஷமா குனியறேன். இடுப்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்றார்."

"அடுத்த தடவை நான் பாக்கறேனே."

"அதுக்கு நீ இன்னொரு கேஸ் போடணும்பா."

மூவரும் சிரித்தோம். எதிர்வீட்டுக்காரி திரையை விலக்கிப் பார்த்தாள். நான் கையசைத்தேன்.

அந்த வருடம் இன்னும் ஐந்து முறை வந்தான். மெர்வினின் அறிக்கை குழுவுக்குப் போனது. அடுத்த மார்ச்சில், ஒரு கைப்பை நிறைய நிபந்தனைத் தாள்களோடு அவனை விட்டார்கள். இப்போது ஒரு நர்சரியில் செடிகளுக்குத் தொட்டி மாற்றுகிறான். ஒவ்வொரு வியாழனும் நன்னடத்தை அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறான். அந்த அலுவலகத்துக்கு எதிரே நல்ல மீன் வறுவல் கடை இருக்கிறது. வியாழக்கிழமைகளில் நான் சமைப்பதில்லை.