சுரங்கப்பாதைக்கு இந்தப் பக்கம் கிண்டிய ஜாம்

எல்லைக்கு முன்னால் வருகிற உஸ்பயாத்தா ஊரைத் தாண்டியதும் என் பஸ்ஸில் எல்லோரும் பழம் தின்ன ஆரம்பித்துவிடுவார்கள். பசியால் அல்ல, சிலிக்காரர்களுக்குப் பயந்து. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பழத்தோல்கூட உள்ளே போகக் கூடாது, அவர்கள் தோட்டத்துக்குப் பூச்சி வந்துவிடுமாம். யாரோ பையில் மறந்துபோன ஓர் ஆப்பிளுக்காக ஒரு பஸ் ஜனமும் குளிரில் நின்று நடுங்கியதுண்டு. எங்கள் பக்கத்து மெந்தோசாவுக்கும் சிலியின் சான்டியாகோவுக்கும் இடையே வண்டி ஓட்டிப் பிழைக்கிற நான் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் இரக்கம் காட்டுவதில்லை.

"தின்னுங்க, இல்ல தூக்கிப் போடுங்க. ஒளிச்சு வச்சு என் உயிர வாங்காதீங்க!" என்று அன்றைக்கும் கத்தினேன்.

முன் இருக்கை எதெல்வினா அம்மாள் மட்டும் அசையவில்லை. மடியில் துண்டு போட்டு மூடிய கூடை. பஸ் முழுக்க ஆப்ரிகாட் வாசனை.

"என்னம்மா அது?"

"எங்க வீட்டு மரத்துப் பழம். பொண்ணு மாசமா இருக்கா, கேட்டா."

"சான்டியாகோ கடையில இல்லாத பழமா?"

"கடைப்பழம் வேணும்னா கடைக்காரன்கிட்ட கேட்டிருப்பா. என்கிட்டயா கேப்பா?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "சிலிக்காரனைக் கட்டிக்கிட்டான்னு, இனிமே என் வாசப்படி மிதிக்காதடின்னு சொல்லிட்டேன் தம்பி. என் வாய் அப்படி. அவளும் மிதிக்கல. அதுக்கப்புறம் அவளா வாய் திறந்து கேட்டது இது ஒண்ணுதான்."

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே.

லாஸ் குவேவாஸில், மலையைக் குடைந்து சிலிக்குப் போகிற சுரங்கப்பாதைக்கு முன்னால் வரிசை மலைப்பாம்பாகக் கிடந்தது. எனக்கு முன்னால் நின்ற லாரியின் டிரைவர் எலிசேயோ, சிலிக்காரன், பக்கவாட்டுச் சமையல் பெட்டியைத் திறந்து அடுப்பைப் பற்ற வைத்திருந்தான். கால் நீட்ட இறங்கிய என் ஜனங்கள் அவனிடம் கூடைக் கதையைச் சொல்லிவிட்டார்கள்.

"பழம்தானே போகாது? வேக வச்சா போகுமே," என்றான் அவன். "ஜாம் கிண்டிடுங்கம்மா. சட்டி நான் தரேன்."

"சர்க்கரை?"

அதுதான் வேடிக்கை. எங்கள் ஊர் மூலிகைத் தேநீரான மாதேயை இனிப்புப் போட்டு உறிஞ்சுகிறவர்கள் எல்லோரும் தங்கள் பையைத் திறந்தார்கள். ஆளுக்கொரு சர்க்கரை டப்பா வந்தது.

"இது பஸ்ஸா, கல்யாண வீட்டுச் சமையல்கட்டா?" என்று குதித்தேன். "வரிசை நகர்ந்தா நான் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருப்பேன்!"

"என் லாரி நகர்ந்தாத்தானேய்யா நீ நகர முடியும்?" என்றான் எலிசேயோ. "நான் நகர மாட்டேன். நீயும் வந்து கிண்டு."

கிண்டினேன், வேறென்ன செய்ய? அந்த உயரத்தில் எதுவும் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் லேசில் வேகாது. ஆள் மாற்றி ஆள் கரண்டி பிடித்தோம். எதெல்வினா அம்மாள் லாரிக்காரனின் சுத்தியலால் கொட்டைகளை உடைத்து, உள்ளே இருந்த கசப்புப் பருப்பையும் சட்டியில் போட்டாள். "இது இல்லன்னா எங்க வீட்டு ஜாமே இல்ல," என்றாள். யாரோ கொடுத்த காப்பித்தூள் பாட்டிலில் நிரப்பி மூடியபோது வரிசையும் நகர்ந்தது.

சுரங்கத்தைத் தாண்டி சிலிச் சோதனைக்கூடம். நாயோடு வந்த அதிகாரி சின்னப் பெண். பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள்.

"வெந்ததுதானே? எடுத்துட்டுப் போங்க."

நுணலும் தன் வாயால் கெடும். எதெல்வினா அம்மாளுக்குக் கைப்பெருமை தாங்கவில்லை.

"சுண்டக் காய்ச்சினதும்மா! கொட்டைப் பருப்புகூட உடைச்சுப் போட்டிருக்கேன்!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"விதையா? விதை போகாதே."

"வெந்த விதை முளைக்குமாடி கண்ணு?"

"முளைக்காதும்மா. ஆனா விதை விதைதான். அதை மட்டும் எடுத்துட்டா ஜாமை நான் தடுக்க மாட்டேன்." அவளே ஒரு ஸ்பூன் தேடிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அம்மாள் ஒவ்வொரு பருப்பாகத் துழாவி எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். பஸ் முழுக்கக் குளிரில் காத்து நின்றது. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை, நான் உட்பட.

சான்டியாகோ நிலையத்தில் மகள் யனினா நிறைவயிற்றோடு நின்றிருந்தாள். இருவரும் கட்டிக்கொள்ளவில்லை. அம்மாள் பாட்டிலை நீட்டினாள், அவ்வளவுதான். பயணிகளுக்குப் பெட்டி எடுத்துக் கொடுக்கிற சாக்கில் நான் பக்கத்திலேயே நின்றேன்.

யனினா அங்கேயே மூடியைத் திறந்து, விரலை விட்டு நக்கினாள். கண்ணை மூடினாள். பிறகு முகம் சுளித்தாள்.

"பருப்பு போடலையா?"

அம்மாளின் கண் நிறைந்துவிட்டது. "போட்டேன்டி! எல்லையில பிடுங்கிட்டாங்க! என் வாயாலதான், வேற யாரால?"

யனினா இன்னொரு விரல் எடுத்தாள். மெதுவாகச் சப்பினாள்.

"அப்ப, பருப்போட வேணும்னா நான்தான் அங்க வரணும்," என்றாள். "புள்ளையத் தூக்கிக்கிட்டு வரேன். வாசப்படி மிதிக்கலாமா?"

அவ்வளவு பெரிய வாய்க்கார அம்மாள், மகளின் ஜாம் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.