வாசல் பெட்டி

எங்கள் குடும்பத்தில் பழத்துக்குப் பவுடர் பூசும் வழக்கம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தின் சோதனை முற்றத்தில் அன்று நடந்ததைப் பற்றி வெளியில் உலவும் கதை வேறு. அதில் நான் கெஞ்சியதாக வருகிறது. நான் கெஞ்சவில்லை. உரக்கப் பேசினேன், அவ்வளவுதான்.

வெளிநாட்டுப் பழம் இறக்குகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு தந்திரம் தெரியும். குளிர் கண்டெய்னரின் கதவைத் திறந்ததும் கைக்கு எட்டுகிற பெட்டிகளைத்தான் அதிகாரிகள் பிரித்துப் பார்ப்பார்கள். ஆகவே அனுப்புகிறவன் உள்ளதிலேயே அழகான பழத்தைக் கதவோரம் அடுக்கிவிடுவான். எங்கள் வட்டாரத்தில் அதற்கு வாசல் பெட்டி என்று பெயர். விருந்தாளி வரும்போது பக்கத்து வீட்டு நாற்காலியை இரவல் வாங்கிப் போடுவது போன்ற காரியம்.

என் தகப்பனார் இதை வெறுத்தார். நான் அவரைவிட ஒரு படி மேலே போனேன். எங்களுக்கு ஆரஞ்சு அனுப்பும் தோட்டக்காரரிடம், பார்க்கச் சகிக்காத பழங்களைக் கதவோரம் வைக்கச் சொன்னேன். எங்களிடம் உள்ள மோசத்தை முதலில் பார்க்கட்டும், உள்ளே போகப் போக மரியாதை கூடட்டும். தோட்டக்காரர் என் உடல்நிலையை விசாரித்தார். பிறகு பழகிக்கொண்டார்.

பழைய இன்ஸ்பெக்டருக்கும் இது பழகியிருந்தது. “கடப்பாரையோட சரக்கா? நடுவிலேர்ந்து எடுங்கப்பா” என்பார். கடப்பாரை என்பது முற்றத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர். முதுகு வளையாததால் நான் அதை விழுங்கிவிட்டேனாம். அந்த மனிதர் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு வந்த அம்மாளிடம் எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நேர்மையை முன்கூட்டி அறிவித்துக்கொண்டு திரிய எனக்கும் பழக்கமில்லை.

புது இன்ஸ்பெக்டர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். பழத்தோடு பூச்சியும் நோயும் நாட்டுக்குள் வராமல் பார்ப்பது அவர் வேலை. அவர் சரி என்றால்தான் சுங்கத்தில் சரக்கை விடுவிப்பார்கள். கதவின் முத்திரையை வெட்டினார்கள். கதவு திறந்து, குளிர்ப் புகை விலகியது. முதல் பெட்டியைப் பிரித்ததும் அவர் மூக்கைச் சுளித்தார். உள்ளே இருந்த ஆரஞ்சுகளுக்குத் தேமல், வடு, சொறி எல்லாம் இருந்தன. ஒன்று என் சின்ன மாமனாரின் முகத்தை அப்படியே உரித்து வைத்திருந்தது.

“வாசல்லயே இப்படின்னா உள்ளே எப்படி இருக்கும்?” என்றார்.

“உள்ளே போகப் போக நல்லா இருக்கும்” என்றேன்.

“எல்லாரும் நல்லதைத்தானே முன்னாடி வைப்பாங்க?”

“எல்லாரும் வைப்பாங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு என் மகள் பக்கம் திரும்பினார். சுங்க அலுவலகத்தில் எங்கள் சரக்கை விடுவித்துத் தரும் ஏஜென்ட் என் மகள்தான். “என்னம்மா சொல்றார் உங்க கட்சிக்காரர்?”

“உண்மையைத்தான் மேடம் சொல்றார். அப்பா வேணும்னே கெட்டதை முன்னாடி வைக்கச் சொல்லுவார்.”

“ஏன்?”

மகள் என்னைப் பார்த்தாள். “அதைக் கேட்டுக் கேட்டு எங்கம்மாவே ஓய்ஞ்சுட்டாங்க மேடம்.”

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றார். அந்த ஒரு சோற்றை நாங்களே பொறுக்கி மேலே வைத்தோம் என்று நான் சொன்னது எடுபடவில்லை. வடுக்களில் பூச்சி குத்தியது எது, கிளை உரசியது எது என்று தெரியவில்லை, மத்தியானத்துக்குள் மொத்தச் சரக்கையும் இறக்கிக் காட்டுங்கள், இல்லாவிட்டால் மறுத்து எழுதிவிடுவேன் என்றார். எழுதிவிட்டால் பழம் திரும்பக் கப்பலேற வேண்டும், அல்லது குழியில் புதைபட வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பூச்சிச் சரக்கு இறக்கியவர்கள் என்று எங்கள் வீட்டுப் பெயரும் கூடவே புதைபடும். அதை யார் தோண்டி எடுப்பது?

வெயிலில் இறக்கினால் குளிர்ந்த பழம் வியர்க்கும், வியர்த்த பழம் அழுகும். குளிர் அறையில்தான் இறக்க வேண்டும். முற்றத்தில் இருப்பது ஒரே குளிர் அறை. அன்றைக்கு அது என் சம்பந்திக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

சம்பந்தியும் ஆரஞ்சு இறக்குகிறவர்தான். அவருடைய வாசல் பெட்டிகளைக் கண்ணாடிக் கூண்டில் வைத்துக் கண்காட்சி நடத்தலாம். நாங்கள் இருவரும் பேசுவதில்லை. என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்த அன்று, அவர் அடுக்கி வைத்திருந்த பழக் கோபுரத்தின் அடியிலிருந்து நான் ஒன்றை உருவினேன். ஆராய்ச்சிதான். கோபுரம் சரிந்து, பெண் வீடு மாப்பிள்ளை வீடு என்ற பேதமில்லாமல் எல்லார் காலடியிலும் பழம் உருண்டது. எது மேல், எது அடி என்று கடைசிவரை தெரியாமலே போய்விட்டது.

“நீ போய்க் கேளு. உன் மாமனார்தானே” என்றேன் மகளிடம்.

“நான் ரெண்டு பேருக்கும் ஏஜென்ட். ஒருத்தர் முறையை எடுத்து இன்னொருத்தருக்குக் குடுத்தா என் லைசென்ஸ் என்ன ஆகுறது? நீங்களே கேளுங்க.”

“உன் அப்பன் ஒருத்தன்கிட்ட போய்க் கேட்கணுமா?”

“அப்போ குழி வெட்ட ஆள் சொல்லிடட்டுமா?”

பெண்ணைப் படிக்கவைத்ததன் பலனை அங்கே நின்று அனுபவித்தேன்.

சம்பந்தி தன் கண்டெய்னருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குளிர் அறைக்குள் போகத் தயாராகக் கம்பளிச் சட்டை அணிந்திருந்தார். அவருடைய கதவும் திறந்துதான் இருந்தது. வாசல் பெட்டிகள் பளபளத்தன.

“வாங்க சம்பந்தி, உக்காருங்க.”

“நின்னே பழக்கம்.”

“அது தெரியும். உக்காரணும்னா மடங்கணுமே.”

பெட்டி இறக்க வந்திருந்த மேஸ்திரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

“குளிர் அறை...” என்று ஆரம்பித்தேன். “குளிர் அறை நல்லா இருக்கா?”

“ரொம்ப ஜில்லுன்னு இருக்கு. என் பேர்லதான் ஒதுக்கியிருக்காங்க.”

“சந்தோஷம்.”

“அப்பா!” என்றாள் மகள் பின்னாலிருந்து. “அந்த மேடம் பேனாவைத் திறந்துட்டாங்க.”

தொண்டையைச் சரி செய்துகொண்டு, “உங்க முறையை எனக்குக் குடுங்க” என்றேன்.

“என்ன சொல்றீங்க? மெஷின் சத்தத்துல காது கேக்கலை.”

உண்மையிலேயே சத்தம்தான். குளிர் கண்டெய்னர்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. ஆகவே உரக்கச் சொன்னேன். அவர் காதில் கையை வைத்து, இன்னும் கொஞ்சம் என்றார். மூன்றாவது முறை நான் கத்தியபோது யாரோ எதற்கோ பக்கத்து மெஷினை நிறுத்தினார்கள். “எனக்குக் குடுங்க சம்பந்தி!” என்ற என் குரல் முற்றம் முழுவதும் தனியாகப் போய்வந்தது. கிரேனில் இருந்தவன்கூட எட்டிப் பார்த்தான்.

“அதுக்கென்ன, தாராளமா எடுத்துக்கங்க” என்றார் சம்பந்தி. “ஒண்ணே ஒண்ணு. என் பழம் ஒண்ணு சாப்பிட்டு, நல்லா இருக்குன்னு இவங்க முன்னாடி சொல்லணும்.”

வாசல் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். வாங்கி உரித்தேன். கூட்டம் என் வாயைப் பார்த்தது. அந்தப் பழத்தில் ஒரு குறை கிடைக்காதா என்று ஒவ்வொரு சுளையாகத் தேடினேன். பாழாய்ப்போனது தேனாக இருந்தது.

“இந்தப் பழம் நல்லா இருக்கு” என்றேன்.

“இந்தப் பழமா? என் பழம்னு பொதுவா சொல்லுங்க.”

“மத்ததை நான் சாப்பிடலையே.”

“மாமா, விட்டுடுங்க” என்றாள் மகள். “எங்கம்மா சமையலுக்கு இந்த அளவு பாராட்டுகூட இன்னும் கிடைக்கலை.”

சம்பந்தி பெருந்தன்மையாகக் கையை அசைத்தார்.

குளிர் அறையில் எங்கள் சரக்கு இறங்கியது. இன்ஸ்பெக்டர் நடுவில் எடுத்தார், அடியில் எடுத்தார், கடைசி மூலைக்குப் போய் எடுத்தார். வெட்டிய இடமெல்லாம் சாறு தெறித்தது. வாசல் பெட்டியின் சொறிப் பழங்களையும் வெட்டினார். வடு தோலோடு நின்றிருந்தது. பூச்சியின் சுவடே இல்லை. அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எல்லாரும் மேக்கப் போட்டுக்கிட்டு வருவாங்க. நீங்க மூஞ்சியில கரியைப் பூசிக்கிட்டு வந்திருக்கீங்க.”

நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அனுமதி கிடைத்தது. நான் புறப்பட்டிருக்கலாம். ஆனால் இன்ஸ்பெக்டருக்கு ஞானம் பிறந்திருந்தது. “இனிமே யார் சரக்கா இருந்தாலும் கடைசியிலேர்ந்துதான் பார்ப்பேன்” என்று சொல்லிவிட்டு நேராகச் சம்பந்தியின் கண்டெய்னரைக் காட்டினார். சம்பந்தியின் முகம் வாடிய பழத்தோல் போலச் சுருங்கியது.

எப்படிப் போவது? என் மகள் வாழ்கிற வீடு. அந்த வீட்டுக்கு ஒரு தலைக்குனிவு வந்தால் அது எங்கள் வாசல் வரைக்கும் வரும். பக்கத்தில் நின்று தாங்கிப் பிடிக்க வேண்டியது முறை. அவர் சரக்கை இறக்கிய குளிர் அறைக்குள் அவர் அருகில் போய் நின்றேன். சொல்ல வேண்டிய ஆறுதலையும் மனத்துக்குள் தயார் செய்தேன். ‘அழுகல் யார் சரக்குலயும் வரும் சம்பந்தி, மனசைத் தளர விடாதீங்க.’ நல்ல வாக்கியம். பெரிய மனுஷத்தனம் இருந்தது. குரலை எந்த இடத்தில் தாழ்த்துவது என்பதையும் முடிவு செய்திருந்தேன்.

கடைசி மூலைப் பெட்டி வந்தது. இன்ஸ்பெக்டர் ஒன்றை வெட்டினார். பிறகு இன்னொன்று. அடுத்த பெட்டியையும் பிரிக்கச் சொன்னார். நான் எட்டி எட்டிப் பார்த்தேன். வாசலில் இருந்ததைவிடப் பழம் ஒரு சுற்று சிறியது. மற்றபடி நல்ல பழம். அத்தனையும் நல்ல பழம். இன்ஸ்பெக்டர் தலையாட்டி அனுமதி கொடுத்தார். சம்பந்தி மூச்சு விட்டது புகையாகத் தெரிந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். “என்ன சம்பந்தி, ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்துதே?”

“ஒண்ணுமில்லை. குளிருது.”

உடனே தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி நீட்டினார். மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி கொடுத்ததை நாலு பேர் முன்னால் மறுப்பது எங்கள் குடும்பத்துக்கு அழகில்லை. வாங்கிப் போட்டுக்கொண்டேன். அக்குளில் இறுக்கியது.