மாதிரி வார்டின் நோயாளி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய் சொல்லும் வயதைத் தாண்டியாகிவிட்டது. சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ள முடிவதில்லை.

வருங்காலத்துக்கென்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியை வரைந்தவன் நான். மின்விசிறியே வேண்டாத கட்டடம். கூரைமேல் ஒரு காற்றுக்கூண்டு. அது பிடிக்கிற காற்று மண்ணுக்கடியில் குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்து, ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் எட்டிப் பார்க்கும். சோதனைக்கு ஒரு கூண்டை வைத்தோம். அது பக்கத்துத் தெருவின் காற்றையும் சேர்த்து இழுத்துவிட்டது. அங்கே கொடியில் காய்ந்த துணி அந்த வாரம் முழுக்க அசையவில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒட்டுப்பலகையில் அசல் அளவுக்கு ஒரு வார்டைச் செய்து, வரைந்தவனே நோயாளி உடுப்பில் ஒரு பகல் படுத்திருக்க வேண்டும். விளக்கு கண்ணில் குத்துகிறதா, தண்ணீர் கைக்கு எட்டுகிறதா என்று படுத்தால்தான் தெரியும். வெளியாட்களுக்கு இந்த வழக்கம் தெரியாது.

படுத்தேன். நான் வரவழைத்த காற்றே என்னைத் தாலாட்டிவிட்டது. கண் விழித்தபோது கட்டிலைச் சுற்றி, மாதிரி வார்டைப் பார்க்க வந்த ஆஸ்பத்திரிக் குழுவினர். நடுவில் என் மைத்துனன். என் சிபாரிசில் எங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். என் வரைபடம் அவன் கக்கத்தில்.

“இந்தக் காத்துக்கூண்டு எனக்குக் குளிக்கும்போது தோணிச்சு சார்,” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

எழுந்து உட்கார்ந்தேன். “ஐயா, இதை வரைஞ்சது நான்.”

குழுத் தலைவர் அவனைப் பார்த்தார். வீட்டில் வாய் நிறைய ‘அத்தான்’ என்பவன் என் போர்வையைச் சரிசெய்தான்.

“பெரியவருக்குக் காய்ச்சல் கொஞ்சம் ஏறியிருக்கு. படுங்க ஐயா.”

“டேய், உன் அக்காகிட்ட சொல்றேன் பாரு.”

“அப்பப்போ எங்க குடும்பத்தையும் இழுப்பாரு,” என்றான் வருத்தமாக.

விடவில்லை நான். குழாயின் ஆழம், வளைவு, ஜன்னலின் சாய்வு, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். டாக்டரம்மா ஒருவர் என் நாடியைப் பிடித்துக்கொண்டார். தலைவர் நெகிழ்ந்துபோனார்.

“படுத்திருக்கிற நோயாளிக்கே இவ்வளவு புரியுதுன்னா, அதுதான்யா கட்டடம். வாசல் கல்லுல தம்பி பேரையே போட்டுடலாம்.”

என் வாயாலேயே அவன் பெயரைக் கல்லில் வெட்டிக் கொடுத்தேன்.

வீட்டில் முறையிட்டேன். “யார் பேரு இருந்தா என்ன, எல்லாம் குடும்பத்துக்குள்ளதானே,” என்றாள் மனைவி.

“அப்போ அவனுக்குப் பல்லு வலிச்சா என் பல்லைப் புடுங்குவியா?”

“புடுங்க உங்களுக்கு ஏது பல்லு?”

கட்டடம் எழுந்தது. காற்று அப்படியொரு சுகம். குணமானவர்கள் வீட்டுக்குப் போக மனமின்றி இருமக் கற்றுக்கொண்டார்கள். நான் மட்டும் அந்த வாசலை மிதிக்கவில்லை. நெஞ்சுவலி வந்தபோதுகூட, பஸ் ஏறிப் பழைய ஆஸ்பத்திரிக்கே போனேன். அங்கே புழுக்கத்தில் அட்டையால் விசிறிக்கொண்டு கிடந்தபோது அவன் பார்க்க வந்தான்.

“எப்படி இருக்கீங்க அத்தான்?”

‘அத்தான்’ என்ற அந்த ஒரு வார்த்தையை அன்றைக்குக் குழுவின் முன்னால் அவன் சொல்லியிருக்கலாம். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சத்தியமாகச் சொல்லிவிடுகிறேன்: என் மனைவி அவள் பெற்றோருக்கு ஒரே பிள்ளை, கூடப் பிறந்தவர் யாருமில்லை.